ஆர்சி விமானமும் ஹெலிகாப்டரும்: எதை முதலில் வாங்குவது, எப்போது பறக்கவிடுவது

நான் முதலில் வாங்கியது 450 அளவு ஆர்சி ஹெலிகாப்டர், அதாவது ரிமோட்டால் இயக்கும் மாதிரி. ஒரு வாரம் உட்கார்ந்து திருகு திருகாகப் பூட்டி, ஒரு ஞாயிறு காலையில் தரையிலிருந்து தூக்கினேன். பத்து நொடிகூட இருக்காது. இடது பக்கம் சாய்ந்தது. பதறிப்போய் ரிமோட்டின் ஸ்டிக்கை வலது பக்கம் முழுக்கத் தள்ளினேன். வலது பக்கமாகக் கவிழ்ந்து தன் பிளேடாலேயே தன் வாலை வெட்டிக்கொண்டது. பழுது பார்க்க ஆன செலவில் ஒரு நல்ல பயிற்சி விமானமே வாங்கியிருக்கலாம். அப்போதும் புத்தி வரவில்லை. அடுத்து வாங்கியது போர் விமான மாதிரி ஒன்று. அது இரண்டாம் நாளே மண்ணைக் கவ்வியது. முதலில் வாங்கியிருக்க வேண்டியதை மூன்றாவதாகத்தான் வாங்கினேன்.

அதற்குப் பிறகு பல வருடங்களாக இரண்டையும் பறக்கவிட்டு வருகிறேன். புதிதாக வருபவர்கள் காசை எங்கே தொலைக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். வாங்க வேண்டியதையேதான் வாங்குகிறார்கள், ஆனால் தலைகீழாக வாங்குகிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். ஹெலிகாப்டர்தான் உங்கள் ஆசை என்றாலும் ஒன்பதாவது படிக்கு நேராகத் தாவ வேண்டாம்.

1. முதலில் காகித வேலை

எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவது இதைத்தான். விமானம் வாங்கிய பிறகு விதியைப் படித்தால், வாங்கிய எடையும் இருக்கும் இடமும் ஒத்துவராது என்று தெரிய வரும்.

பொம்மை மாதிரித் தெரிந்தாலும் சட்டத்தின் கண்ணில் இது பெரும்பாலும் ஆளில்லா விமானம்தான். டிரோனுக்கு உள்ள விதிகளில் பல இதற்கும் பொருந்தும். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 250 கிராம் என்பது முக்கியமான எல்லைக்கோடு. அதற்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும், பதிவு எண்ணை விமானத்தின் மேல் ஒட்ட வேண்டும். பொதுவான உயர வரம்பு 120 மீட்டர், அதாவது ஏறக்குறைய 400 அடி. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவர் ஒரு சிறிய இணையத் தேர்வை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். கட்டணம் கிடையாது. ஒரு பொறி மட்டும் உண்டு: அந்தச் சான்றிதழைத் தொலைத்தால் நகல் தரமாட்டார்கள், தேர்வை மறுபடி எழுத வேண்டியதுதான். கைக்கு வந்த அன்றே அச்சிட்டு, கைபேசியிலும் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் "மாடல் விமானம்", "ஆளில்லா விமானம்" என்ற இரண்டு தலைப்பையும் படியுங்கள். ஒன்றில் இருக்கும் விலக்கு மற்றொன்றில் இருக்காது.

அடுத்தது பறக்கும் இடம். விமான நிலையத்துக்கு அருகில் இருந்தால் உயரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தடை இருக்கலாம். மைதானம் காலியாகக் கிடப்பதாலேயே அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. இட உரிமையாளரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால், யாராவது கேட்கும்போது வாய்ச்சண்டை மிச்சம். பக்கத்தில் மாடல் விமான மன்றம் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். உறுப்பினர் கட்டணத்தோடு மூன்றாம் நபர் காப்பீடும் வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக் காப்பீடு இதையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருப்பவர்கள் பலர். பாலிசியில் "விமானம்" என்ற சொல் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் டிரான்ஸ்மிட்டருக்கு (கையில் பிடிக்கும் ரிமோட்) உங்கள் நாட்டு வானொலி அலைவரிசை ஒப்புதல் தேவைப்படலாம். லித்தியம் பேட்டரிக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. இவை இரண்டையும் உள்ளூரிலேயே வாங்குவது நல்லது. சுங்கத்தில் சிக்கினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அந்த இரண்டு வாரத்தில் நான்காவது படியைத் தொடங்கிவிடலாம்.

2. காசை நூறு பங்காகப் பிரியுங்கள்

இவ்வளவுதான் செலவழிப்பேன் என்று முதலில் ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அதை நூறு பங்காக வைத்துக்கொண்டால் என் கணக்கு இது: டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் (விமானத்துக்குள் இருந்து ரிமோட்டின் கட்டளையைப் பெறும் கருவி) 25, சார்ஜரும் மூன்று பேட்டரிகளும் 25, சிமுலேட்டர் (கணினியில் பறக்கப் பழகும் மென்பொருள்) 10, விமானம் 20, உதிரி பாகங்களும் கருவிகளும் 20.

விமானத்துக்கு வெறும் 20 தானா என்று தோன்றும். ஆம், அவ்வளவுதான். அது விழப்போகும் பொருள். டிரான்ஸ்மிட்டரும் சார்ஜரும் கீழே விழாது, பத்து வருடம் உங்களோடு இருக்கும். நான் செய்தது இதற்கு நேர் எதிர்: நூறில் எண்பதை ஹெலிகாப்டரில் போட்டுவிட்டு, பெட்டியோடு வந்த சுமாரான சார்ஜரை வைத்து ஒரே வருடத்தில் நான்கு பேட்டரிகளைப் பாழாக்கினேன்.

ஹெலிகாப்டருக்குப் போகும்போது இன்னொரு தொகை வேண்டும். அதை இந்த நூறோடு சேர்க்காதீர்கள்.

3. டிரான்ஸ்மிட்டர்

இப்போது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். ஒரே மைதானத்தில் பலர் ஒரே நேரத்தில் பறக்கவிடலாம், பழைய செட்டுகளைப் போல அலைவரிசை மோதாது. குறைந்தது ஆறு சேனல், பல மாடல்களை நினைவில் வைக்கும் வசதி, கணினியில் இணைக்க யுஎஸ்பி, இந்த மூன்றும் இருந்தால் போதும். பின்னாளில் ஹெலிகாப்டர் உண்டென்றால் அதற்கான மெனு இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

கவனிக்க வேண்டியது மோட். எந்த ஸ்டிக் எதை இயக்கும் என்பதுதான் மோட். மோட் 2-ல் இடது ஸ்டிக்கில் திராட்டிலும் (மோட்டார் வேகம்) ரட்டரும் (மூக்கை இட வலமாகத் திருப்பும் வால் தகடு), வலது ஸ்டிக்கில் எலிவேட்டரும் (மூக்கை மேலும் கீழும் ஆக்கும் வால் தகடு) எய்லரானும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடு) இருக்கும். மோட் 1-ல் எலிவேட்டர் இடது கைக்கும் திராட்டில் வலது கைக்கும் மாறிவிடும். எது சிறந்தது என்று விவாதிக்க ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். உங்களுக்குக் கற்றுத்தரப் போகிறவர் எதை வைத்திருக்கிறாரோ அதையே வாங்குங்கள். விமானம் தடுமாறும்போது அவர் உங்கள் கையிலிருந்து வாங்கிக் காப்பாற்ற வேண்டும். விரலுக்கு ஒரு மோட் பழகிய பிறகு மாற்றுவது பெரும் பாடு.

ஒரே நிறுவனத்தின் பொருளாக இருந்தாலும் எல்லா ரிசீவரும் எல்லா டிரான்ஸ்மிட்டரோடும் பேசாது. சில செட்டுகளில் ஐரோப்பாவுக்கு ஒரு மென்பொருள், மற்ற நாடுகளுக்கு வேறொன்று. இரண்டும் கலந்தால் பைண்ட் ஆகாது, அதாவது ஒன்றோடொன்று இணையாது. வாங்கும்போதே டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள்.

4. சிமுலேட்டரில் இருபது மணி நேரம்

விளையாட்டு என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி எழும் வசதி வேறு எங்கும் கிடைக்காது. ஒரு நிபந்தனை: உங்கள் சொந்த டிரான்ஸ்மிட்டரைக் கணினியில் இணைத்துத்தான் பழக வேண்டும். விசைப்பலகையில் பழகுவது விரலுக்கு எதையும் சொல்லித்தராது.

தினம் அரை மணி நேரம் போதும். ஒரே நாளில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் பிந்தைய மூன்று மணி நேரம் வீண். பழக வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். புதியவர்களின் விபத்தில் பாதி இங்கேதான். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. உங்களை நோக்கி வரும்போது எந்தப் பக்க இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு ஸ்டிக்கால் முட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் மறக்காது. யோசிக்காமலே கை அப்படிப் போகும் வரை சிமுலேட்டரை விடாதீர்கள்.

வானத்தில் எட்டுப் போட்டு, அதே உயரத்தில் சுற்றி வந்து, ஓடுதளத்தில் பத்துக்கு எட்டு முறை இறக்க முடிகிறதா? சரி, அடுத்த படிக்குப் போகலாம்.

5. முதல் விமானம்

இறக்கை உடலுக்கு மேலே இருக்க வேண்டும், இறக்கை நுனிகள் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும், புரொப்பெல்லர் உடைந்தால் எளிதாக மாற்ற முடிய வேண்டும். ஈபிஓ நுரையால் செய்த, 1.2 முதல் 1.4 மீட்டர் இறக்கை நீளமுள்ள பயிற்சி விமானம் சரியாக இருக்கும். மிகச் சிறியதைக் காற்று தூக்கி அடிக்கும், கொஞ்சம் தள்ளிப் போனாலே கண்ணுக்கும் தெரியாது. பெரியது மெதுவாக, நிதானமாகப் பறக்கும்.

தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் கைரோ உள்ளவையும் வருகின்றன. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதை அணைக்க ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பறக்கக் கற்றுக்கொள்வது அந்தக் கைரோதான்.

போர் விமான மாதிரியும் ஜெட்டும் ஆசை காட்டும். அவற்றுக்கு வேகம் குறைந்தால் ஒரு இறக்கை சட்டென்று தொங்கிவிடும். அகலக்கால் வைக்க வேண்டாம்.

6. பேட்டரியும் சார்ஜரும்

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். வீட்டையே எரித்துவிடக்கூடிய ஒரே பொருள் இதுதான்.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒவ்வொரு செல்லுக்கும் பெயரளவு 3.7 வோல்ட். முழுசாக ஏறினால் 4.2. அதற்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கலாம், 3.0-க்குக் கீழே இறங்கினால் செல் செத்துவிடும். 3எஸ் என்றால் மூன்று செல் வரிசையாக, அதாவது 11.1 வோல்ட். 2200 எம்ஏஎச் என்பது கொள்ளளவு, அதாவது 2.2 ஆம்பியர்-மணி. 25சி என்றால் 2.2-ஐ 25-ஆல் பெருக்கி 55 ஆம்பியர் வரை தரும் என்று லேபிள் சொல்கிறது. லேபிள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், மோட்டாருக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள்.

சார்ஜ் செய்யும் ஆம்பியரை 1சி-யில் வையுங்கள். 2200-க்கு 2.2 ஆம்பியர், 1000-க்கு 1 ஆம்பியர். எப்போதும் பேலன்ஸ் கம்பியை மாட்டி, எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் முறையில் ஏற்றுங்கள். செல் எண்ணிக்கையைச் சார்ஜர் காட்டும்போது வாயைத் திறந்து "மூன்று" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துவது என் பழக்கம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தீப்பிடிக்காத தரைமேல் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். இரவில் மாட்டிவிட்டுத் தூங்கப் போகவே கூடாது.

ஏறக்குறைய தீர்ந்த பேட்டரி 1சி-யில் ஏற ஒரு மணி நேரம் பிடிக்கும். பறப்பதோ ஆறு நிமிடம். மூன்று பேட்டரியை ஒவ்வொன்றாக ஏற்ற மூன்று மணி நேரம், பறப்பது மொத்தம் பதினெட்டு நிமிடம். மைதானத்துக்குக் கிளம்பும் காலையில்தான் பலருக்கு இந்தக் கணக்கு உறைக்கிறது. முந்தின நாள் மாலையே ஏற்றிவிடுங்கள். மழை வந்து போக முடியாமல் போனால் அப்படியே வைக்கக் கூடாது. சார்ஜரில் "ஸ்டோரேஜ்" என்று ஒன்று இருக்கும், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்குக் கொண்டுவந்து வையுங்கள். முழுசாக ஏற்றிய பேட்டரியை வாரக்கணக்கில் அலமாரியில் வைத்தால் வயிறு உப்பி நிற்கும். நான் பாழாக்கிய நான்கும் அப்படிப் போனவைதான்.

டைமர் எத்தனை நிமிடத்துக்கு வைப்பது? ஊகிக்காதீர்கள். முதல் தடவை நான்கு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். திரும்ப ஏற்றும்போது எவ்வளவு ஏறியது என்று சார்ஜர் காட்டும். 1100 என்று காட்டினால் நிமிடத்துக்கு 275 செலவாகியிருக்கிறது. கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. 2200-ல் அது 1760. 1760-ஐ 275-ஆல் வகுத்தால் 6.4. டைமரை ஆறில் வையுங்கள்.

உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. பழைய கார் விளக்கு ஒன்றை மாட்டித் திறந்தவெளியில் முழுசாக இறக்கிவிட்டு, பேட்டரி மறுசுழற்சிக்குக் கொடுங்கள். சாதாரணக் குப்பையில் போடாதீர்கள்.

விமானப் பயணத்தில் கொண்டுபோவதாக இருந்தால் உபரி பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், முனைகளை டேப்பால் மூட வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும்: 11.1 × 2.2 = 24.4, கவலை இல்லை. பெரிய ஹெலிகாப்டரின் 6எஸ் 5000 என்றால் 22.2 × 5 = 111. அங்கேதான் தடுத்து நிறுத்துவார்கள்.

7. மேசையில் சரிபார்ப்பது

முதல் விதி: புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் எந்த அமைப்பும். ஒரு தடவை நான் கழற்றாமல் பைண்ட் செய்துகொண்டிருந்தேன். சட்டைக் கை திராட்டில் ஸ்டிக்கில் உரசியது. இரண்டு விரலில் தையல்.

டிரான்ஸ்மிட்டரை முதலில் போடுங்கள், கடைசியில் அணையுங்கள். இந்த வரிசை எப்போதும் மாறக் கூடாது.

பிறகு திசை. விமானத்தின் பின்னால் நின்றுகொள்ளுங்கள். ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் எய்லரான் மேலே எழ வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தால் வாலின் தகடு மேலே எழ வேண்டும். ரட்டர் வலது என்றால் தகடு வலப்பக்கம் திரும்ப வேண்டும். "அசைகிறதே, போதும்" என்று விடாதீர்கள், எந்தப் பக்கம் அசைகிறது என்பதுதான் விஷயம். டிரான்ஸ்மிட்டரில் வேறு விமானத்தின் நினைவகம் திறந்திருப்பதைக் கவனிக்காமல் ஒரு முறை கிளம்பினேன். எலிவேட்டர் தலைகீழ். மேலே இழுக்க இழுக்கக் கீழே போயிற்று. மொத்தப் பறப்பு இரண்டு நொடி.

ஈர்ப்பு மையம் அடுத்து. கையேட்டில் இடம் குறித்திருக்கும். இல்லாவிட்டால் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, இறக்கை அகலத்தில் 25 முதல் 30 சதவீதம் தள்ளி. அகலம் 200 மில்லிமீட்டர் என்றால் 50 முதல் 60 மில்லிமீட்டரில். பேட்டரி உள்ளே இருக்கும்போது அந்த இடத்தில் இரண்டு விரலால் தாங்கிப் பாருங்கள். மட்டமாக அல்லது மூக்கு கொஞ்சம் தாழ்ந்து நிற்க வேண்டும். மூக்குக் கனமான விமானம் சோம்பேறித்தனமாகப் பறக்கும், ஆனால் பறக்கும். வால் கனமானதை யாராலும் அடக்க முடியாது. பேட்டரியை முன்னே பின்னே நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சரியான இடம் கிடைத்ததும் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

டிரான்ஸ்மிட்டரில் எக்ஸ்போ என்ற அமைப்பை 30 சதவீதம் வைத்தால் ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாகும், புதிய கைக்கு நல்லது. ஃபெயில்சேஃப் என்பது தொடர்பு அறுந்தால் ரிசீவர் என்ன செய்யும் என்பது. புரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மைதானத்துக்குப் போகாதீர்கள். டிரான்ஸ்மிட்டரை முதலில் அணைக்கும் ஒரே சந்தர்ப்பம் இந்தச் சோதனைதான்.

8. முதல் நாள் மைதானத்தில்

விடிந்ததும் போய்விடுங்கள். காற்று அடங்கியிருக்கும், ஆளும் குறைவு. மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் காற்று இருந்தால் முதல் நாளைத் தள்ளிப்போடுங்கள். கிளம்பி வந்துவிட்டோமே என்று பறக்கவிட்டு உடைத்தவர்களைப் போதுமான அளவு பார்த்துவிட்டேன், நானும் அவர்களில் ஒருவன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

தூர சோதனை: டிரான்ஸ்மிட்டரின் ரேஞ்ச் செக் முறையைப் போட்டு முப்பது தப்படி நடந்து, எல்லாம் அசைகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏறுவதும் இறங்குவதும் காற்றுக்கு எதிராகத்தான். ஏறியதும் நாற்பது ஐம்பது மீட்டர் உயரத்துக்குப் போய்விடுங்கள். ஒரு தப்பைத் திருத்தி, அதைத் திருத்தும்போது செய்த தப்பையும் திருத்த அவ்வளவு உயரம் தேவை. தாழப் பறந்தால் பாதுகாப்பு என்று தோன்றும், அது வெறும் தோற்றம். அங்கே திராட்டிலைப் பாதிக்குக் குறைத்து, ஸ்டிக்கை விட்டால் நேராகப் போகும்வரை டிரிம் பொத்தான்களை ஒவ்வொரு கிளிக்காக அழுத்துங்கள். விமானத்தைத் தலைக்கு மேலே கொண்டுவராதீர்கள், எப்போதும் உங்கள் முன்னாலேயே இருக்கட்டும்.

இறக்கும்போது விபத்து பெரும்பாலும் கடைசித் திருப்பத்தில்தான் வரும். வேகம் குறைந்திருக்கும், ஓடுதளம் தவறிவிடுமே என்று சாய்த்து எலிவேட்டரையும் இழுப்போம். உள்பக்க இறக்கை ஸ்டால் ஆகி, அதாவது தூக்கும் விசையை இழந்து, சுழன்று விழும். ஓடுதளம் தவறினால் தவறட்டும். திராட்டிலைக் கொடுத்து மேலே போய் இன்னொரு சுற்று வாருங்கள், அல்லது நேராகப் புல்லில் இறக்குங்கள். புல்லில் இறக்கிய விமானத்தை நடந்துபோய் எடுத்து வந்துவிடலாம்.

டிரெயினர் இணைப்பு இருந்தால், அதாவது உங்கள் டிரான்ஸ்மிட்டரும் பயிற்றுநருடையதும் சேர்ந்தே இருந்து அவர் ஒரு சுவிட்சில் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளும் வசதி, முதல் பத்து தடவையும் அப்படியே செய்யுங்கள். எனக்குத் தனியாக ஏற்றி இறக்க முப்பது பறப்பு ஆயிற்று, வாரம் ஒரு நாள் போய் இரண்டரை மாதம். விமானம் விழுந்தால் காற்றைத் திட்டாதீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

9. ஹெலிகாப்டருக்கு எப்போது

விமானத்தை விட்டுவிட்டால் அது கொஞ்ச நேரம் தானாகப் பறக்கும். கலெக்டிவ் பிட்ச் ஹெலிகாப்டரை, அதாவது பிளேடுகளின் கோணத்தை மாற்றி ஏறி இறங்கும் வகையை, ஒரு நொடிகூட விட முடியாது. அந்தரத்தில் அசையாமல் நிற்கும்போதுகூட உங்கள் இரண்டு கையும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். அதனால் சிமுலேட்டருக்குத் திரும்புங்கள், இந்த முறை ஹெலிகாப்டரோடு. வால் உங்களைப் பார்க்க நிறுத்துவது, பக்கவாட்டில் நிறுத்துவது, கடைசியாக மூக்கு உங்களைப் பார்க்க நிறுத்துவது. ஒவ்வொன்றிலும் தொடர்ந்து இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். எனக்கு மூக்கு மட்டும் ஆறு வாரம் எடுத்தது.

உள்ளங்கை அளவுள்ள சிறியதில் தொடங்குவது மலிவு. விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 450 என்பது 325 மில்லிமீட்டர் பிளேடு. அதன் தலை நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றினால் பிளேடின் நுனி மணிக்கு ஏறக்குறைய 380 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இதைப் பொம்மை என்று சொல்லிக் குழந்தைகளைப் பக்கத்தில் விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

10. ஹெலிகாப்டரைத் தயார் செய்வது

கட்டிய நிலையில் வந்தாலும் எல்லாத் திருகையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உலோகத்தில் உலோகம் பூட்டும் திருகுக்கு நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி. அதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடையுங்கள், இல்லாவிட்டால் பிடிக்காது. பிளாஸ்டிக்கில் அந்தப் பசை படக் கூடாது, சில பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

மோட்டார் பல்சக்கரத்துக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் இடையில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்துச் சுற்றி, அந்த இடைவெளியில் மோட்டாரை இறுக்குங்கள். காகிதம் கிழியாமல் மடிப்பு விழுந்து வெளியே வந்தால் சரி. ஸ்டிக் நடுவில் இருக்கும்போது ஸ்வாஷ்பிளேட் (பிளேடுகளின் கோணத்தை மாற்றும் வட்டத் தகடு) மட்டமாக, பிளேடு கோணம் பூஜ்யமாக இருக்க வேண்டும். கோணமானி இல்லாமல் கண்ணால் பார்த்துச் செய்யாதீர்கள், என் முதல் ஹெலி சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கைரோ சோதனையைத் தவறவிடாதீர்கள். மோட்டார் கம்பியைக் கழற்றிவிட்டு, ஹெலிகாப்டரைக் கையால் முன்னே சாயுங்கள். ஸ்வாஷ்பிளேட் பின்பக்கமாகச் சாய்ந்து எதிர்க்க வேண்டும். மூக்கை வலப்பக்கம் திருப்பினால் வால் சர்வோ (வாலை இயக்கும் சின்ன மோட்டார்), நீங்கள் ரட்டரை இடது பக்கம் தள்ளினால் எப்படி அசையுமோ அப்படி அசைய வேண்டும். கைரோ தலைகீழாக இருந்தால் தூக்கிய கணத்தில் பம்பரம்தான். பேட்டரி மாட்டியதும் கைரோ தயாராகும் சில நொடி ஹெலியைத் தொடாதீர்கள், காற்றில் ஆடினால்கூட அது தவறான இடத்தை நேர் என்று எடுத்துக்கொள்ளும்.

திராட்டில் ஹோல்ட் சுவிட்ச் ஒன்று இருக்கும். மோட்டாரை உடனே நிறுத்தும் சுவிட்ச் அது. விழப்போகிறது என்று தெரிந்ததும் விரல் தானாக அதற்குப் போக வேண்டும். சுற்றும் பிளேடு மண்ணில் பட்டால் ஆகும் சேதத்துக்கும், மோட்டார் நின்ற பிளேடு பட்டால் ஆகும் சேதத்துக்கும் பர்ஸில் பெரிய வித்தியாசம்.

முதல் ஹோவரில், அதாவது அந்தரத்தில் நிறுத்தும்போது, எல்லோரும் தரையோடு ஒட்டி அரையடியில் நிறுத்தப் பார்ப்பார்கள். அங்கே ஹெலி தன் காற்றிலேயே தள்ளாடும். 450-க்கு ஒரு மீட்டருக்கு மேலே போய்விட்டால் அமைதியாகிவிடும். குறுக்கே நீண்ட குச்சிகளும் நுனியில் பந்தும் உள்ள பயிற்சிச் சட்டத்தை முதல் மாதம் கழற்ற வேண்டாம். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

11. விழுந்த பிறகு

விழும். முதலில் திராட்டில் ஹோல்ட், டிரான்ஸ்மிட்டரை அணைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு போய் பேட்டரியைக் கழற்றுங்கள். அடிபட்ட லிப்போவைக் காரில் வைக்காமல் அரை மணி நேரம் வெறும் மண்ணில் வைத்துப் பாருங்கள். உடனே பிடிக்காத தீ பத்து நிமிடம் கழித்துப் பிடிப்பதுண்டு.

நுரை விமானம் என்றால் கவலை குறைவு. ஈபிஓ-வை சாதாரண சூப்பர் பசையே ஒட்டிவிடும்; வெள்ளைத் தெர்மகோல் வகைக்கு நுரைக்கு என்றே வரும் பசை வேண்டும், மற்றது உருக்கிவிடும். ஒட்டி முடித்ததும் ஏழாவது படியை மறுபடி முழுக்கச் செய்யுங்கள். மோட்டார் தாங்கி கோணல் ஆகியிருக்கிறதா, சர்வோவின் பல் உடைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஹெலி என்றால் பட்டியல் நீளும்: முதன்மை பிளேடுகள், நடுத் தண்டு, பெரிய பல்சக்கரம், வால் குழாய், வால் பிளேடுகள். ஒரு செட் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் அடுத்த வாரமே பறக்கலாம், இல்லாவிட்டால் கடைக்காரர் வரவழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். கார்பன் பிளேடில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள், ஒட்டிப் பயன்படுத்தவே கூடாது.

பலர் பார்க்காமல் விடுவது இரண்டு பிளேடையும் பிடித்திருக்கும் சின்ன ஃபெதரிங் தண்டு. அதைக் கழற்றி ஒரு கண்ணாடித் தகடு மேல் உருட்டுங்கள். சீராக உருண்டால் நல்லது. நடுவில் துளி வெளிச்சம் தெரிந்தாலோ, துள்ளி உருண்டாலோ வளைந்துவிட்டது. ஒருமுறை "இவ்வளவு வளைவு ஒன்றும் செய்யாது" என்று அதையே மாட்டினேன். தூக்கியதும் ஹெலி முழுக்க நடுங்கியது, இறக்குவதற்குள் வால் சர்வோவின் கம்பி கழன்று, அதற்கு முந்தின வாரம்தான் மாற்றிய பாகங்கள் எல்லாம் மறுபடி போயின. இப்போது என் பெட்டியில் அந்தத் தண்டில் மட்டும் நான்கு உபரி கிடக்கின்றன.